ஆண்கள் வார்டில் ஓர் அழுகுரல்

— செத்துப்போன மனுஷனைப் பாத்து நேத்து 'ஆம்பளப் புள்ள, மணி நாலு பத்து'ன்னு கூவுவியா சிஸ்டர்? பனமலைக் கிருஷ்ணசாமி யாருன்னு தெரியுமா? இந்த தர்ம ஆஸ்பத்திரில பாதி செங்கல் அவர் குடுத்தது!

— தெரியும் டாக்டரய்யா. படுத்துக்கினே அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு.

— சொந்தபந்தம் எல்லாம் சுத்தி நிக்கிறாங்க. கடைசி மூச்சு போகுது. நீ கடியாரத்தைப் பாத்து ஜாதகத்துக்கு நேரம் சொல்றே!

— பிரசவ வார்டுலயே காலத்த ஓட்டினவ நானுங்க. கொழந்த அழுவுற சத்தம் கேட்டா வாயி தானா நேரத்தச் சொல்லிடுது. நேரம் தப்பிட்டா ஜோசியன உட்டுட்டு என்னைத்தான் திட்டுவாங்க.

— அழுதது அவர் மருமகள்!

— அந்தம்மா அப்பறந்தாங்க ஆரம்பிச்சாங்க. மொதல்ல அழுதது கொழந்த.

— ஆண்கள் வார்டுல ஏது கொழந்தை? இதோ பாரு அமலோற்பவமேரி, நர்ஸ்னா நர்ஸ். எங்க ஆள் பத்தலையோ அங்க போய் நிக்கணும். பர்மா பார்டர்ல ஒரே நர்ஸை வெச்சு மூணு வார்டை ஓட்டினவன் நான்.

— அங்க எந்த சிப்பாய்க்குங்க பிரசவம் ஆச்சு?

— வாய்க்கொழுப்பு!

— மன்னிச்சுக்கங்க. என்னைப் பிரசவ வார்டுக்கே திருப்பி அனுப்பிடுங்க. அம்சான்னு ஒருத்தி காலைலேர்ந்து வலியில கெடக்கறா. தலைச்சன் புள்ள. ஆயாவத் தவிர பக்கத்துல ஆளில்ல.

— கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போய் மொதல்ல மன்னிப்புக் கேளு. இல்லேன்னா உனக்கு வேலையே கிடையாது, அப்புறம் வார்டு எதுக்கு?

— கால்லயே வேணா உழறேங்க. ஆனா இப்ப ஜல்தியா அம்சாகிட்ட உடுங்க. பாஞ்சாலிக்கு ஆனாப்புல இவளுக்கும் ஆவக் கூடாது.

— பாஞ்சாலி பேச்சு இப்ப எதுக்கு?

— மந்திரி வந்த அன்னிக்கி, கட்டிலுக்குக் கட்டில் ஒரு வெள்ளத் தொப்பி தெரியணும்னு எங்க எல்லாரையும் ஆம்பள வார்டுல இழுத்தாந்து நிறுத்துனீங்க. விக்கிரவாண்டிலேர்ந்து மாட்டு வண்டியில வந்தவ, லேபர் ரூம்ல தனியா பெத்தா.

— தனியா என்ன தனியா? மந்திரி பேசிக்கிட்டிருக்கும்போதே மாலையைக் கழட்டி வெச்சிட்டு நானே எழுந்து போனேன். அவ மயக்கத்துல கிடந்தா. கொழந்தை செத்தே பொறந்திருந்தது. மூச்சில்லை, அழுகையில்லை. நான் என்ன பண்ண முடியும்?

— அந்தப் பக்கத்துலேர்ந்துதாங்க நேத்து சத்தம் வந்துச்சு. லேபர் ரூம்லேர்ந்து.

— நேத்து லேபர் ரூம்ல ஒரு கேஸும் கிடையாது. காலி!

— அதாங்க பேஜாரா இருக்குது. மந்திரி வந்துட்டுப் போனதுலேர்ந்து தெனம் கேக்குது. ஊசி போட்டுக்கினு இருந்தாலும் கேக்குது, சோத்துல கை வெச்சாலும் கேக்குது.

— பிரமை. சரி, பாக்காமலே ஆம்பளன்னு எப்படிச் சொன்னே?

— பாஞ்சாலி புள்ளையத் தொடச்சித் துணியில சுத்துனது நாந்தானேங்க.

— ...சிஸ்டர், நீ நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வா.

— லீவெல்லாம் வேணாங்க, அம்சாகிட்ட உடுங்க. பிரமைன்னா இப்படியா கேக்கும்? தொண்ட கிழிய கத்துதுங்க டாக்டரய்யா. வீல்வீல்னு, திண்டிவனத்துக்கே கேக்கறாப்புல கத்துது.

— பொய் சொல்லாத! அது எங்க அப்படிக் கத்துச்சு? அன்னிக்கு நான் கதவைச் சாத்தும்போதே சன்னமாத்தான் அழுதுக்கிட்டிருந்தது.