அப்பாவுக்குப் புரியணும்ல

பிள்ளைங்களுக்குச் சுருக்கி எழுதவே வரலைன்னு இப்ப ஒரு அம்மா வருத்தப்பட்டாங்க. அவங்களுக்காகவே ஒரு சின்னக் கதை வெச்சிருக்கேன்... சொல்லிடட்டுமா? கடைசி வரிசைக்குக் கேக்குதா? சரி.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அஞ்சாம் வகுப்புக்கு ஜெசிந்தா டீச்சர். அந்த வகுப்புல ஒரு பொண்ணு, பேரு முப்பிடாதி. அவ அப்பா சண்முகவேல் தையல்கடையில வேலை பாக்குறார். அவருக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்கத் தெரியும், ஆனா வீட்டுல எல்லாம் கைஜாடைதான்.

ஒருநாள் டீச்சர் யானையைப் பத்தி ஒரு கட்டுரையைக் குடுத்து, "இதைச் சுருக்கி எழுதுங்க"ன்னாங்க. முப்பிடாதி என்ன பண்ணா தெரியுமா? கட்டுரையை அப்படியே எழுதிட்டா. ஒரு கமா விடல! டீச்சர் சிரிச்சுக்கிட்டே, முக்கியமானதை மட்டும் எழுதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. மறுபடி முழுசா எழுதினா. அடுத்த வாரம் வேற கட்டுரை... அதே கதை.

டீச்சர் பக்கத்துல உக்காரவெச்சு மெதுவாக் கேட்டாங்க. "ஏம்மா எதையுமே விட மாட்டேங்குற?"

அந்தப் புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொல்லுச்சு... "எதை விட்டாலும் தப்பாயிருமோன்னு பயமா இருக்கு டீச்சர்."

பாருங்க... புரியாம இல்ல. பயம். டீச்சர் அன்னைக்கு அவ முதுகுல தட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

கொஞ்ச நாள்ல பெத்தவங்க கூட்டம் நடந்துச்சு. ஊர்ல டெங்கு பரவுற நேரம். சுகாதார நிலையத்துல இருந்து ஒரு நர்ஸம்மா வந்து பேசினாங்க. நல்லாத்தான் பேசினாங்க... ஆனா நீளம்! கொசுவோட வகை, அது எந்த நாட்டுல இருந்து வந்துச்சு, எத்தனை முட்டை போடும், போன வருஷக் கணக்கு... பாதிப் பேரு கொட்டாவி விடுறாங்க.

டீச்சர் தற்செயலா ஓரமாப் பாத்தாங்க. அங்க சண்முகவேல் உக்காந்திருக்கார். எதிர்ல முப்பிடாதி நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் அப்பாவுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கா. நர்ஸம்மா நாட்டுப் பேரெல்லாம் சொல்லும்போது அவ கை சும்மா இருக்கு. "பகல்லதான் கடிக்கும்"னதும் கை எழும்புது. வெயிலைக் காட்டுறா, கடிக்கிற மாதிரி காட்டுறா. மறுபடி கை சும்மா. தேங்குன தண்ணின்னதும்... வாளியைக் கவுக்குற மாதிரி ஒரே ஒரு அசைவு. அவ்வளவுதான்! அப்பா தலையாட்டுறார்.

அப்புறம் அவர் திருப்பி ஏதோ கேட்டார். முப்பிடாதி நர்ஸம்மாவைப் பாத்து, "காய்ச்சல் விட்டுட்டா சரியாயிருச்சுன்னு இருந்துரலாமான்னு அப்பா கேக்காங்க"ன்னா.

நர்ஸம்மா பேச்சை நிறுத்திட்டாங்க. "கூடாது. காய்ச்சல் விடுற சமயத்துலதான் இன்னும் கவனமா இருக்கணும். வயித்து வலி, வாந்தி, ரத்தக்கசிவுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்"னாங்க. கொட்டாவி விட்டவங்கல்லாம் நிமிந்து உக்காந்தாங்க.

கூட்டம் முடிஞ்சதும் டீச்சர் முப்பிடாதியைக் கூப்பிட்டு, நர்ஸம்மா சொன்னதுல அவ்வளவையும் எப்படிம்மா விட முடிஞ்சுதுன்னு கேட்டாங்க. அவளுக்குக் கேள்வியே விளங்கல. "அதெல்லாம் சொன்னா அப்பாவுக்குக் குழம்பிரும்ல டீச்சர். அப்பாவுக்குப் புரியணும்ல?"

மறுநாள் டீச்சர் தேனீயைப் பத்தி ஒரு கட்டுரை குடுத்தாங்க. படிச்சு முடிச்சதும், புத்தகத்தை மூடச் சொன்னாங்க. "இப்ப இதை உங்க வீட்டுல யாருக்குச் சொல்லப் போறீங்களோ, அவங்களுக்கு எழுதுங்க"ன்னாங்க. ஒருத்தன் எழுந்து, ஆட்டுக்குட்டிக்குச் சொல்லலாமான்னான். தாராளமாச் சொல்லு, அதுக்கும் புரியுற மாதிரி எழுதுன்னுட்டாங்க!

முப்பிடாதி இப்படி எழுதியிருந்தா... "அப்பா, ஒரு தேனீ பூ இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தால் கூட்டுக்கு வந்து ஆடிக் காட்டும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று மற்ற தேனீக்கள் அந்த ஆட்டத்தை வைத்துத் தெரிந்துகொள்ளும். தேனீயும் நம்மளை மாதிரிதான் அப்பா பேசுது."

டீச்சர் அதை எத்தனை தடவை படிச்சாங்களோ... கண்ணைத் துடைச்சுக்கிட்டு சொன்னாங்க. "சுருக்கம் ரெண்டாவது வரியோட முடிஞ்சிருச்சும்மா. மூணாவது வரி கட்டுரையில இல்ல, அது உன்னோடது. ஆனா அப்பாகிட்ட மூணையும் காட்டு."

அன்னைக்கு சாயங்காலம் தையல்கடையில சண்முகவேல் மிஷினை நிறுத்திட்டு அதைப் படிச்சார். படிச்சிட்டு மகளைப் பாத்து, ரெண்டு கையையும் தேனீ றெக்கை மாதிரி படபடன்னு அடிச்சுக் காட்டினாராம்.

இப்ப உங்களைக் கேக்குறேன். நம்ம பிள்ளைகிட்ட நாம என்ன சொல்றோம்? "சுருக்கு, சுருக்கு"ன்னு சொல்றோம். யாருக்காகச் சுருக்கணும்னு என்னைக்காவது சொல்லியிருக்கோமா? கேக்குற ஆள் யாருன்னு தெரிஞ்சா, எது வேணும் எது வேண்டாம்னு பிள்ளை தானாப் பிரிச்சிரும். விடுறதுக்குப் பயம் போயிரும். அதனால இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு, பிள்ளை எதிர்ல உக்காந்து கேளுங்க... "நீ படிச்சது எனக்குத் தெரியாது கண்ணு. எனக்குப் புரியுற மாதிரி சொல்லேன்."

கேட்டுட்டு... குறுக்க பேசாதீங்க. அது சொல்லி முடிக்கட்டும்.