மீசை வைத்த வசந்தா

காங்கேயம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தார்கள். அவர்களுடைய அம்மா வரவில்லை, போனில் இருந்தார். அப்பா காலமாகிவிட்டார். நான் கல்லூரியில் பாடமாகப் படித்த நாவலாசிரியருக்கு அவர் நண்பராம். அந்த நாவலாசிரியரும் மற்ற எழுத்தாள நண்பர்களும் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் சில வசந்தா என்ற பெயரில் வந்தவை; அதனால் பெட்டியை நூலகத்துக்குக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை என்று பேச்சில் தெரிந்தது.

"அம்மா, வசந்தாவுக்கு மீசை இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

"பொம்பளைக்கு ஏது சாமி மீசை?" என்றது ஸ்பீக்கர். "உன்னைப் பாக்காம எழுத்தே ஓடலைன்னு எழுதுனவ. அவ கடுதாசியெல்லாம் வெந்நி அடுப்புக்குத்தான்."

"அது புனைபேருங்கம்மா. கதைக்கு வெச்ச பேரையே கடுதாசியிலயும் போட்டுட்டாரு. நூலகத்துல போட்டோ காட்டுனாங்க. அப்பா தோள்ல கை போட்டுட்டு நிக்கறாருங்க."

"உங்கொப்பன் ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் தங்கச்சி.

"ஆமான்னு சொல்லிப்போட்டா என்ன பண்றதுன்னுதான் கேக்கல."

"அந்தப் போட்டோவ போன்ல புடிச்சிருக்கோமுங்க, அனுப்பட்டுங்களா?" என்றார் அண்ணன்.

"போனுல எனக்குத் தெரியாது. பெருசா காயிதத்துல கொண்டாங்க. மீசையப் பாத்துப்போட்டு பெட்டிச் சாவி தாரேன்."

பல்லடத்தில் பஸ் நின்றதும் அண்ணன் இறங்கி ஓடினார். கலர் பிரிண்ட்டோடு மூச்சு வாங்க ஏறினார்.

"எவ்வளவுங்ணா ஆச்சு?" என்றாள் தங்கச்சி.

"இருவது ரூவா, கண்ணு."