ஞானஸ்நானத்திற்கு முன் ஓர் ஒத்திகை

ஞானசேகரன்: கேள்விய முழுசா கேளு மச்சான். 'ஆண்டவராகிய இயேசுவை விசுவாசிக்கிறாயா?' நீ 'விசுவாசிக்கிறேன்'னு சொல்லணும். அவ்ளோதான்.

அம்பலவாணன்: விசுவா... ம்ம்...

ஞானசேகரன்: தும்மல் வருதா?

அம்பலவாணன்: வார்த்த வரமாட்டேங்குதுடா. 'விசுவாசிக்கப் பாக்குறேன்'னு சொன்னா போதகரு ஒத்துக்குவாரா?

ஞானசேகரன்: பாக்குறேனாம்! பொண்ணு பாக்கவா வந்திருக்க? நாளைக்கு ஞானஸ்நானம். சபையே வந்து உக்காந்திருக்கும்.

அம்பலவாணன்: பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் குடுத்த?

ஞானசேகரன்: ஆமா.

அம்பலவாணன்: நம்பாதவன் நம்புறேன்னு சொன்னா அது பொய்தானே?

ஞானசேகரன்: இரு, இரு... அப்போ நீ நம்பலையா?

அம்பலவாணன்: சபைக்கு நீ உபதேசியாரு. உன்கிட்ட மறைக்கக் கூடாது. ஆனா...

ஞானசேகரன்: என்னா ஆனா? ஆறு மாசமா செம்மண்டலத்துக்கு வந்து, புயல்ல கூரை போன ஜெபக்கூடத்துல வெயில்ல காஞ்சிக்கிட்டுப் பாடம் கேட்டியே, எதுக்குடா?

அம்பலவாணன்: முதல்ல நீ ஒண்ணு சொல்லு. குடிகாட்டு எடைமேடைல இருபத்திரண்டு வருஷமா நிக்கிறேன். எந்த லாரிக்கும் ஒரு கிலோ ஏத்திப் போட்டதில்ல, எறக்கிப் போட்டதில்ல. அது போதாதா?

ஞானசேகரன்: நல்ல காரியந்தான். ஆனா நற்செய்கையால ரட்சிப்பு வராது. அது கிருபை. விசுவாசத்தால வர்றது.

அம்பலவாணன்: சிலுவைல பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு?

ஞானசேகரன்: கெடச்சிது. கடைசி நேரத்துல நம்புனான்.

அம்பலவாணன்: திருடுனவன் உள்ள. நான் வெளிய.

ஞானசேகரன்: அப்புடிப் பாக்கக் கூடாது மச்சான். விசுவாசந்தான் மரம். ஒழுக்கம் அதுல காய்க்கிற கனி. மரம் இல்லாம...

அம்பலவாணன்: இல்லாமயே காய்ச்சிருக்கே, அத என்னா பண்றது?

ஞானசேகரன்: ...இதப் போதகருகிட்ட கேட்டுத் தொலைக்காத.

அம்பலவாணன்: உனக்குத் தெரியாதா?

ஞானசேகரன்: தெரியும். தெரியும்னுதான் இவ்ளோ நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்... அத விடு. புதுப் பேரு என்னா வெக்கலாம்னு போதகரு கேட்டாரு. ஆபிரகாம் எப்புடி?

அம்பலவாணன்: பேர மாத்த மாட்டேன்.

ஞானசேகரன்: தில்லை சாமி பேருடா அது. சிதம்பரத்துல தெருவுக்கு ஒருத்தன் இருக்கான்.

அம்பலவாணன்: இருக்கட்டும். வேற பேர்ல போய் நின்னா அவளுக்கு எப்புடித் தெரியும்?

ஞானசேகரன்: எவளுக்கு?

அம்பலவாணன்: ...பொன்னிக்கு. கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து ஒரு நாள் கூட என் பேர வாயால சொன்னவ இல்ல. ஆனா அவளுக்குத் தெரிஞ்சது இந்தப் பேருதான்.

ஞானசேகரன்: மச்சான்...

அம்பலவாணன்: போன வருஷம் நா மருந்து வாங்கப் பாண்டிச்சேரி போயிட்டு ஆசுபத்திரிக்குத் திரும்புறதுக்குள்ள அவ போயிட்டா. 'தங்கச்சிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சி, ஆண்டவரோட இருக்கு'ன்னு நீதான் சொன்ன. உங்க கல்லறைத் தோட்டத்துல பொதச்சோம். எங்க ஜனத்துல ஒருத்தரும் வரல. அவளாவது நல்ல எடத்துல இருக்காளேன்னு நா வாயத் தொறக்கல.

ஞானசேகரன்: அத எதுக்கு இப்ப...

அம்பலவாணன்: நல்லவனாவே செத்தாலும் என்னை அங்க விட மாட்டாங்க. நீ சொன்னதுதான். சரி, ஒரே ஒரு பொய் சொல்லிட்டு அவகிட்டப் போயிடலாம்னு வந்தேன். ஆனா பொய்யச் சொல்லிட்டுப் போறவன விடுவாங்களா? ஒண்ணும் புரியலடா.

ஞானசேகரன்: நாளைக்கு நீ வர வேணாம்.

அம்பலவாணன்: நெசத்தச் சொன்னேன்ல, அதுக்கா?

ஞானசேகரன்: இல்ல.

அம்பலவாணன்: எனக்குத் தகுதி இல்லியா?

ஞானசேகரன்: கொஞ்சம் வாய மூடு. சொல்ல விடு.

அம்பலவாணன்: சொல்லு. ஏன் என் மொகத்தப் பாக்க மாட்டேங்குற?

ஞானசேகரன்: தங்கச்சி போன அன்னைக்கிப் போதகரு ஊர்ல இல்ல. சாகக் கெடக்குறவங்களுக்கு உபதேசியாரே ஞானஸ்நானம் குடுக்கலாம். கிண்ணத்துல தண்ணியோட நான்தான் நின்னேன். தங்கச்சி கேட்டுது, 'அண்ணே, அவரும் அங்க வருவாரா?'ன்னு. நம்புனாத்தான் வர முடியும்னேன். 'அவரு நம்ப மாட்டாரு. அப்போ எனக்கும் வேணாம்'னு தலையத் திருப்பிக்கிச்சி. தண்ணி கிண்ணத்துலயே இருந்துது. ஞானஸ்நானம் ஆயிடுச்சின்னு ரெஜிஸ்டர்ல நான்தான் பொய்யா எழுதுனேன்... அப்பேர்ப்பட்ட ஒருத்திய வெளிய நிறுத்த எனக்கு மனசு வரல மச்சான்.