டூப்ளிகேட் புருஷன்

அந்த ஸ்டூல் வேண்டாம், மச்சான். ஒரு கால் ஆடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த வட்டாரத்தில் ஓடுகிற பாதி ஸ்கூட்டர் என் சாமானில்தான் ஓடுகிறது. சொந்த ஸ்டூலுக்கு ஒரு ஆணி அடிக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. நாற்காலியில் உட்காருங்கள். உங்கள் தங்கையின் மாத்திரை டப்பாவை நேற்று டாக்டரிடம் காட்டினீர்களாம். அதைக் கேட்கத்தானே வந்தீர்கள்? சொல்கிறேன். நியாயமான மனிதர் நீங்கள், கேட்டால் புரிந்துகொள்வீர்கள்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அப்போது கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. என் குரலைக் கேட்டதும், "வந்துட்டீங்களா, கேஸ் அடுப்ப அணைச்சீங்களா?" என்று கேட்டாள். நல்ல நினைவோடுதான் இருந்தாள். வீக்கம் வடிந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அவர் எங்கங்க?"

"எவரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"நான்தானே?"

சிரித்தாள். விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மரியாதைச் சிரிப்பு. "அச்சு அசலா அவர மாதிரியே இருக்கீங்க. மூக்குப் பக்கத்துல அந்த மச்சம்கூட இருக்கு. ஆனா நீங்க அவர் இல்லைங்க."

டாக்டர் மூளையின் படம் போட்டு விளக்கினார். நம் வியாபார பாஷையில் சொன்னால் இதுதான். பார்த்த முகம் ஒரு லாரியில் வருகிறது. 'இது நம்ம ஆள்' என்கிற ஒட்டுதல் இன்னொரு லாரியில் வருகிறது. இரண்டும் ஒரே கோடவுனில் இறங்கினால்தான் மூளை ஆளை உள்ளே விடும். இவளுக்கு இரண்டாவது லாரி வழியில் படுத்துவிட்டது. சரக்கு வந்தது, பில் வரவில்லை. பில் இல்லாத சரக்கை நீங்களோ நானோ இறக்குவோமா? அவளும் இறக்கவில்லை. குரல் வருகிற ரோடு வேறு, அது பழுதாகவில்லை. ஆகவே போனில் பேசினால் நான் அவள் புருஷன். நேரில் போய் நின்றால் எவனோ ஒருவன்.

டூப்ளிகேட்டை ஒரிஜினல் என்று விற்றே காலம் தள்ளியவன் நான். ஒரிஜினல் ஒன்று டூப்ளிகேட்டாகப் போனது எனக்கும் புது அனுபவம்.

முதல் நாள் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள், "உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுங்க போடணும்?" என்று கேட்டாள். கல்யாணமானது முதல் என் காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை அவள்தான் தீர்மானித்து வந்தாள், மச்சான். முன்பெல்லாம் நான் தும்மினால், "அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க" என்பாள். இப்போது தும்மினால் வெந்நீர் வந்தது. ஒரு வார்த்தை காதில் விழாவிட்டால், "காது இருக்கா, இல்ல வாடகைக்கு விட்டாச்சா?" என்று கேட்டவள், பொறுமையாக இரண்டாம் தடவை சொன்னாள். அதைவிட ருசி, அவள் என்னிடம் என்னைப் பற்றிப் பேசியது.

"ரொம்ப நல்லவருங்க அவர். எனக்குத்தான் வாய் நீளம்."

நான் இவ்வளவு நல்லவன் என்று எனக்கு அதுவரை யாரும் தகவல் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதுதான் சிக்கல். ஒரு நாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது, "சட்டைய உள்ள வெளிய மாத்திப் போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்று பழைய குரலில் ஒரு அதட்டல். அப்புறம் அருகில் வந்து என் தாடையைத் தொட்டாள். "ஏங்க, நீங்களா?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சட்டையைச் சரிசெய்கிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் அந்த முகம் திரும்பவும் மரியாதையாகிவிட்டது. டாக்டரிடம் சொன்னபோது மேஜையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். "குணம் தெரியுது. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க."

விடவில்லை. அதே வெள்ளை, அதே வட்டம், அதே அளவில் சத்து மாத்திரை வாங்கி டப்பாவில் நிரப்பினேன். தரமான கம்பெனி. எலும்புக்கு நல்லது. உங்கள் தங்கைக்கு நான் எதிலும் மட்டமான சரக்கு வாங்கியதில்லை.

ஒரு சின்னத் தொந்தரவு இருந்தது, மறைக்கவில்லை. கடை மூடுகிற நேரத்துக்கு அவள் பால்கனியில் போய் நிற்பாள். நான் தெருவில் வருவதைப் பார்ப்பாள், கையசைப்பாள், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள். "அவர் சாப்பிட்டாரோ என்னவோ" என்று தட்டை ஒதுக்குவாள். இளைத்துப் போனாள். அவரைப் பற்றிப் பஸ் நிலையத்தில் விசாரிக்கலாம் என்று அவள் சொன்னபோது துணைக்கு நானும் போனேன். தனியாக விட மனம் வருமா? டிக்கெட் கவுன்ட்டர்காரர் அவள் நீட்டிய என் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவர்தானேம்மா?"

"எல்லாரும் இப்படித்தாங்க ஏமாறுறாங்க," என்று எனக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் உதட்டைப் பிதுக்கி, பாவம் என்று தலையாட்டினேன்.

மத்தியானம் கடையிலிருந்து போன் செய்வேன். "எப்ப வருவீங்க?" என்பாள். வெளியூரில் சரக்கு எடுக்கிறேன் என்பேன். நீங்கள் கூப்பிட்டபோது, கொஞ்சம் குழப்பம், சரியாகிவிடும் என்று சொன்னேன். எல்லாம் அமைதியாக ஓடியது. ஆனால் போன் வந்த நாளெல்லாம் மாலையில் வீட்டில் அழுகை. மனிதன் உழைத்துவிட்டு வந்தால் நிம்மதி வேண்டாமா? எந்த வியாபாரத்தையும் இழுத்துக்கொண்டே போகக்கூடாது. முந்தாநாள் கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

"நான் இனிமே வரமாட்டேன். அங்க இருக்கறவர் நல்ல மனுஷன். அவர் சொல்றதக் கேட்டு நடந்துக்க."

"நான் திட்டினதுக்காகவாங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். விலை படிந்த பிறகு பேச்சை வளர்ப்பதில்லை.

ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டி வாசலில் நின்றாள். "நீங்க தங்கமானவருங்க. ஆனா அவர் வராத வீட்டுல, வெளியாளோட நான் எப்படி இருக்கறது? எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்." சாவியை என் கையில் கொடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இவ்வளவுதான். ஆமாம், மாத்திரையை மாற்றியது நான்தான். அசல் மாத்திரைகள் இந்த டிராயரில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை.

வந்ததிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்கிறீர்கள். போனை என் பக்கம் தள்ளி, "மாப்ள, உங்க காலப் புடிக்கறேன். 'வரேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ பொழச்சுக்குவா," என்கிறீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவளோடு பஸ் நிலையம் வரை அலைந்தவன் நான். அவள் அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஒரே போனில் அறுத்துக்கொண்டு போனவர் அவர். புருஷன் பெண்டாட்டி விவகாரம், மச்சான். இதில் வெளியாள் நான் தலையிடுவது நாகரிகமாக இருக்காது.