பதினொரு மணி மேடு

"கண்ணப்பன், நேத்து எங்க போனீங்க?"

"பல்லு புடுங்கப் போனேன் மேடம். லீவு லெட்டர் குடுத்துட்டுத்தான் போனேன்."

"நேத்து கிராஃப்ல மேடு வரல."

"இன்னா மேடம், பல்லு என்னுது, மேடு உங்களுது. ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

அளந்த பின்பே பேசும் அறிவே, அதிராமல் நடக்கும் அடக்கமே, எங்கள் ஆய்வுக்கூடத்தின் அம்சவல்லி அம்மையாரே! 1981இல் தங்களுக்கும் ஸ்டோர் கீப்பர் கண்ணப்பனுக்கும் நடந்த இந்தப் பேச்சைக் கதவருகே நின்று கேட்டவர்கள் நாங்கள். தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

உருகிய உலோகத்தைச் சுழலும் செப்புச் சக்கரத்தில் பீய்ச்சி, அணுக்கள் வரிசையில் நிற்கவும் நேரம் தராமல் நாடாவாக உறைய வைத்தீர்கள். வெளியே உலோகம், உள்ளே கண்ணாடி போல ஒழுங்கற்ற அந்த நாடாவில் ஹைட்ரஜனை ஏற்றி, எடை தொங்கவிட்டு, முறுக்கி ஆடவிட்டீர்கள். முறுக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள், வளைவில் திரும்பும் காஞ்சிபுரம் பஸ் பயணிகளைப் போல, வசதியான இடம் தேடி நகரும். அந்த நகர்வு ஆட்டத்தை அடக்கும். அது கிராஃபில் மேடாக எழும். கேன்டீன் முனியம்மாள் எங்களுக்கே திருப்பிச் சொல்லும் அளவுக்கு இதை விளக்கினீர்கள்.

காலை ஒன்பதுக்குத் திரவ நைட்ரஜன் குளிரில், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றுவீர்கள். இரண்டு மாதம், நாள் தவறாமல், மைனஸ் எழுபத்தாறு டிகிரியில் ஒரு சின்ன மேடு. உலகம் காணாத நகர்வு என்று கட்டுரை எழுதி உறையிலும் போட்டுவிட்டீர்கள். கண்ணப்பனின் பல்வலிதான் உண்மையைச் சொன்னது. மைனஸ் எழுபத்தாறு வரும்போது மணி சரியாகப் பதினொன்று. பதினொன்றுக்குத் தாழ்வாரத்தில் காபியோடு கண்ணப்பன் வருவார். அவர் செருப்பு தரையை அதிர வைக்கும். தரை தாங்கள் தொங்கவிட்ட எடையை உலுக்கும். மேடு ஹைட்ரஜனுடையதல்ல, கண்ணப்பனுடையது. வேறொருவராயின் அந்த ஒரு நாளை மறந்துவிட்டுத் தபாலில் சேர்த்திருப்பார். தாங்கள் உறையைக் கிழித்தீர்கள். அந்த நேர்மைக்கு எங்கள் வணக்கம்.

ஆனால் கண்ணப்பன் ஏந்தி வந்தது காபி மட்டுமல்ல. மனைவியை இழந்து, வல்லம் வடகால் கிராமத்தில் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தவர் அவர். தண்டலத்தில் தனியே வாழும் அம்மையார் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதிப்பாரா என்று கேட்கத்தான் அந்த நடையெல்லாம். தாங்கள் உறையைக் கிழித்த மறுநாள் முதல் வெறுங்காலோடு வந்தார். வாசலில் நின்று வாய் திறப்பார். "பேசாதீங்க, ஆடுது" என்பீர்கள். எதுவும் ஆடாத நாட்களில் அவருக்குக் கேட்க வாய் வராது. இப்படியே ஏழு வருடம்.

ஆறிப்போன அந்தக் காபியைத் தாங்கள் ஒருநாளும் வேண்டாமென்றதில்லை. மேடு மறைந்த பின்னும் ஒவ்வொரு கிராஃபிலும் பதினொரு மணிக்கு நேரே பென்சிலில் சின்னதாக ஒரு 'க' போட்டு வந்தீர்கள். பார்த்துவிட்டோம், மன்னியுங்கள்.

போன வாரம் உலை பார்க்கும் நரசிம்மன் ஸ்டோருக்கே போய்க் கேட்டார்: "இன்னாபா, அந்தம்மா ரிடையர் ஆவுது. இப்பவும் வாயத் தொறக்க மாட்டியா?"

"எளுதிக் குடு, படிச்சிர்றேன். முப்பது வருசமா ஸ்டாக் லிஸ்ட் படிக்கிற வாயி. தானா வராதுபா."

ஆகவேதான் இம்மடலை வாசிக்கும் பொறுப்பைக் கண்ணப்பனுக்கே கொடுத்தோம். தன் கதையை யாரோ ஒருவரின் கதை போல வாசிக்கும் அவரை, சபையோரே, சிரித்துக் கலைக்க வேண்டாம்.

அம்மையாரே, மூட்டு நோகாமல், கண் மங்காமல், சூடான காபி குடித்து நெடுங்காலம் வாழ்வீர்களாக. இனி எந்தக் காலடிக்கும் தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

தங்கள் அதட்டலுக்கு ஏங்கப்போகும்
ஆய்வுக்கூட ஊழியர்கள்
ஸ்ரீபெரும்புதூர், 30-6-1988

கண்ணப்பன் சொல்ல, நரசிம்மன் எழுதியது:

"மேடம், இன்னிக்கு எதுவும் ஆடல. செருப்பு போட்டுக்கினுதான் வந்துகீறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"