பன்னிரண்டாவது தாள்

சாவிக்காரர்: நாற்காலியை வட்டமாப் போடச் சொன்னது யாரு?

பேராசிரியர்: மூணாவது மாடிக்காரங்கதான் அண்ணே. வட்டமா உட்கார்ந்தா நல்லாப் படிப்பு ஏறுமாம்.

சாவிக்காரர்: ஏறட்டும். இரும்புக் கால் நாற்காலி. நாற்பது. இழுத்து வட்டம் கட்டினதும் நான், பதினோரு மணிக்கு மறுபடி வரிசை கட்டப்போறதும் நான். "கற்பித்தல் ஆதரவு மையம்"னு பலகை மாட்டியிருக்காங்களே, அதுல ஒருத்தர் வந்து ஒரு நாற்காலியை நகர்த்தி எனக்கு ஆதரவு கொடுக்கலாமில்ல?

பேராசிரியர்: இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க.

சாவிக்காரர்: நான் பொறுத்துக்குவேன். உங்களைப் பார்த்தாத்தான்... ஏன் சார் காலங்காத்தால வந்து நிக்கிறீங்க? உங்க கூட்டம் பத்து மணிக்குத்தானே. இப்ப எட்டரை.

பேராசிரியர்: ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம்னு.

சாவிக்காரர்: முப்பது வருஷமாச் சொல்ற பாடத்தையா?

பேராசிரியர்: முப்பது வருஷமா மாணவங்களுக்குச் சொன்னேன். இன்னிக்கு வந்து உட்காரப் போறது வாத்தியாருங்க. மொழித்துறை, தத்துவம், நம்ம வரலாறு... முப்பது பேரு. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு நோட்டு. நான் எப்படி நிக்கிறேன், எப்ப கேள்வி கேக்கிறேன், எல்லாத்தையும் குறிச்சுக்குவாங்க.

சாவிக்காரர்: தெரியும். கதவுல நோட்டீஸ் ஒட்டினவனே நான்தான். "முன்மாதிரி வகுப்பு"ன்னு போட்டு உங்க படம். அதுல கண்ணை மூடிட்டு இருக்கீங்க.

பேராசிரியர்: நிஜமாவா?

சாவிக்காரர்: போய்ப் பாருங்க. வகுப்புல பசங்க எப்படி இருப்பாங்களோ அப்படியே இருக்கீங்க.

பேராசிரியர்: அண்ணே... விளையாட இது நேரமில்ல. இன்னிக்குச் சொதப்பினா முதலாண்டு வரலாறு போச்சு. போன வருஷமே எழுத்துல கொடுத்துட்டாங்க. மாணவர்கிட்ட வாங்குற கருத்துத்தாள் நல்லா வந்தா வகுப்பு இருக்கும். இல்லன்னா பதிவு பண்ணின பாடத்தைத் திரையில போட்டு விட்டுடுவாங்க. வாத்தியாரும் வேண்டாம், அறையும் வேண்டாம்.

சாவிக்காரர்: அறை வேண்டாம்னா இந்தச் சாவியை வெச்சு நான் என்ன பண்ணுவேன், முதுகு சொறியவா? அதான் நல்லா வந்துடுச்சே. பதினோரு பசங்க, பதினோரு தாள், தேனாச் சொட்டுதாமே. அதுக்குத்தானே இந்தப் படம், இந்த வட்டம் எல்லாம்.

பேராசிரியர்: ...ம்.

சாவிக்காரர்: அப்புறம் என்ன கவலை? சட்டையை வேற மாத்திக்கோங்க. பையில மை கசிஞ்சு கிடக்கு.

பேராசிரியர்: அட... இந்தப் பேனா இப்படித்தான். அப்பா வாங்கிக் கொடுத்தது. விட மனசில்ல.

சாவிக்காரர்: பத்து மணிக்குள்ள வீட்டுக்குப் போய் வேற சட்டை போட்டுட்டு வாங்க.

பேராசிரியர்: அது கிடக்கட்டும். நீங்க போய்க் கடைசி வரிசையில... வட்டத்துல ஏது கடைசி வரிசை. வழக்கமா உட்கார்ற மூலையில உட்காருங்க. அரைமணி நேரம் எனக்கு மாணவனா இருங்க.

சாவிக்காரர்: நான் ஆறாவதுல நின்னவன் சார்.

பேராசிரியர்: ஒன்பது வருஷமா என் வகுப்புல உட்கார்றீங்க. எந்த மாணவனும் அவ்வளவு நாள் உட்கார்ந்ததில்ல.

சாவிக்காரர்: நான் படிக்கவா உட்கார்ந்தேன்? அந்தப் படம் காட்டுற பெட்டி களவு போனதுல இருந்து வகுப்பு முடியற வரைக்கும் காவல் இருக்கச் சொல்லிட்டாங்க. எல்லார் மேலயும்தான் சந்தேகம். உங்க மேலயும்.

பேராசிரியர்: சரி, என்னைக் காவல் காக்குறதா நினைச்சே உட்காருங்க. ஆரம்பிக்கிறேன். ...வணக்கம். இன்னைக்கு நாம பார்க்கப்போறது, பேர் போடாத ஒரு தாள். எழுதினவன் கையெழுத்து இல்ல, தேதி இல்ல...

சாவிக்காரர்: காது கேக்கல.

பேராசிரியர்: இன்னும் சத்தமாவா?

சாவிக்காரர்: சத்தம் இருக்கு. நீங்க பலகையைப் பார்த்துப் பேசுறீங்க. இங்க வர்றது உங்க முதுகு மட்டும்தான்.

பேராசிரியர்: ...இப்ப?

சாவிக்காரர்: ம். ஜன்னல் பக்கமா வாங்க. வெயில் பட்டாத்தான் உங்களுக்கு வாய் திறக்கும். மேல சொல்லுங்க.

பேராசிரியர்: பேர் போடாத தாளை எழுதினது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வரலாற்றுக்காரன் வேலையே இதுதான். அவன் மூணு கேள்வி கேப்பான். எழுதினவன் எங்க இருந்து பார்த்தான்? அவனுக்கு என்னென்ன தெரியும்? அவனுக்கு என்ன வேணும்? ...புரியுதா?

சாவிக்காரர்: இதுல புரியறதுக்கு என்ன இருக்கு. மொட்டைக் கடுதாசி வந்தா எங்க தெருவுலயும் இதைத்தான் கேப்பாங்க.

பேராசிரியர்: அப்ப செஞ்சு பாருங்க. இதோ ஒரு தாள். வாசிக்கிறேன். "சார் கரும்பலகையோட பேசுறார். கடைசி வரிசைக்கு முதுகுதான் தெரியுது. முந்தி ஜன்னல் பக்கம் நடந்து வந்து பேசுவார். இப்ப மேசையை விட்டு நகர்றதில்ல..."

சாவிக்காரர்: இது... பசங்க எழுதின கருத்துத்தாள் இல்ல?

பேராசிரியர்: அதேதான்.

சாவிக்காரர்: தேன் சொட்டுதுன்னாங்க...

பேராசிரியர்: அது மத்தது. இது பன்னிரண்டாவது. மையத்துல எண்ணிப் பார்த்திருக்காங்க. வருகைப் பதிவேட்டுல பதினோரு பேர், தாள் பன்னிரண்டு. ஒண்ணு கூடுதலா இருக்கேன்னு, மத்ததோட ஒத்துப்போகாத ஒண்ணை எடுத்துச் செல்லாதுன்னு முத்திரை குத்தி என்கிட்டயே திருப்பி அனுப்பிட்டாங்க.

சாவிக்காரர்: படிச்சவங்களாச்சே... சரியாத்தான் பண்ணுவாங்க.

பேராசிரியர்: முதல் கேள்வி. எழுதினவன் எங்க இருந்து பார்த்தான்?

சாவிக்காரர்: கடைசி வரிசையில இருந்து. அதுலயே போட்டிருக்கே.

பேராசிரியர்: என் பதினோரு பேரும் எங்க உட்கார்வாங்க?

சாவிக்காரர்: ...முதல் ரெண்டு வரிசை. ஆனா லேட்டா வர்ற ஒரு பய இருக்கான் சார், முடியை நெத்தியில விட்டுட்டு. அவன் பின்னால குந்துவான். அவன் வேலையாத்தான் இருக்கும்.

பேராசிரியர்: இருக்கலாம். ரெண்டாவது கேள்வி. அவனுக்கு என்ன தெரியும்? "முந்தி ஜன்னல் பக்கம் வருவார்"னு எழுதியிருக்கான். என் பசங்க இந்தக் கட்டடத்துக்கு வந்து நாலு மாசம் ஆகுது. நாலு மாசத்துல நான் ஒரு நாளும் ஜன்னல் பக்கம் போனதில்ல.

சாவிக்காரர்: யாராவது சொல்லியிருப்பாங்க.

பேராசிரியர்: யாரு?

சாவிக்காரர்: ஏன் சார் என்னைக் கேக்குறீங்க? நான் சாவி வெச்சிருக்கிறவன். போலீசு மாதிரி...

பேராசிரியர்: மூணாவது கேள்வி. அவனுக்கு என்ன வேணும்? கடைசி வரியை வாசிக்கிறேன். "துறைமுகத்துல மூட்டை தூக்கின அந்தப் பொம்பளை, புருஷன் செத்ததுக்கு மனு எழுதிப் போட்டாளே, அதுக்குப் பதில் வந்துச்சா இல்லையா? மணி அடிச்சதும் பாதியில விட்டுட்டுப் போயிட்டார்."

சாவிக்காரர்: அதையும் அந்த லேட்டா வர்ற பயதான் கேட்டிருப்பான்.

பேராசிரியர்: அண்ணே, அந்தக் கதையை நான் இந்த வருஷம் சொல்லல. போன வருஷமும் சொல்லல. மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னது. அன்னிக்கு இந்த அறையில இருந்த பசங்க எல்லாம் படிச்சு முடிச்சுப் போயிட்டாங்க. இப்பவும் இந்த அறையில இருக்கிறது ரெண்டே பேர்.

சாவிக்காரர்: ...ஜன்னலைச் சாத்தட்டுமா? காத்துல தாள் பறக்குது.

பேராசிரியர்: பறக்கல.

சாவிக்காரர்: சரி, நான்தான். இப்ப என்ன? மிச்சம் ஒரு தாள் கிடந்துச்சு, எழுதினேன். பசங்கதான் எழுதணும்னு சட்டம் இருக்கலாம். ஆனா கேட்டவன்தானே சொல்லணும். அவனுங்க எங்க கேட்டானுங்க? கையில போனை வெச்சுக்கிட்டு கட்டைவிரலால தள்ளிட்டு இருந்தானுங்க. இதை வெச்சு உங்க வகுப்பை மூடுவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்.

பேராசிரியர்: கோபமே இல்ல அண்ணே.

சாவிக்காரர்: அப்ப ஏன் திருடனைப் பிடிச்ச மாதிரி நிக்க வெச்சுக் கேட்டீங்க?

பேராசிரியர்: பாடம் நடத்திப் பார்த்தேன். ...ரொம்ப நாளைக்கப்புறம் நீங்க ஒருத்தர்தான் என் முகத்தைப் பார்த்துட்டே கேட்டீங்க.

சாவிக்காரர்: மாட்டிக்கிட்டவன் வேற எங்க பார்ப்பான்? ...சரி, பதில் வந்துச்சா?

பேராசிரியர்: எது?

சாவிக்காரர்: அந்தப் பொம்பளைக்கு.

பேராசிரியர்: தெரியல அண்ணே. மனு இருக்கு. வந்து சேர்ந்ததுன்னு முத்திரை இருக்கு. அதுக்கப்புறம் ஒரு காகிதமும் இல்ல. எவ்வளவோ தேடிட்டேன். அதைச் சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு. மணி அடிச்சதும் ஓடிட்டேன்.

சாவிக்காரர்: இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. எங்க தெரு ஆளுங்க எத்தனை மனு போட்டிருப்பாங்க? "பதில் வரல"ன்னா எனக்கா புரியாது? மூணு வருஷமா, அவளுக்கு ஏதோ வேலை போட்டுக் கொடுத்திருப்பாங்கன்னு நானா நினைச்சுட்டு இருந்தேன்.

பேராசிரியர்: தப்புதான்.

சாவிக்காரர்: ஒண்ணு கேக்கணும் சார். உங்க வித்தைதான். அந்தப் பெட்டி... கருத்துத்தாள் போட்ட பெட்டியை நேரா மூணாவது மாடிக்குக் கொண்டு போகணும்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு முட்டி வலி. படியேற முடியாம, சாவியோடவே உங்க ரூம்ல வெச்சேன். மறுநாள் நீங்கதான் கொண்டு போய்க் கொடுத்தீங்க. அந்த ஒரு ராத்திரி...

பேராசிரியர்: பெட்டியை விடுங்க அண்ணே.

சாவிக்காரர்: விட்டுட்டேன். சும்மா கேட்டேன்.

மேடம்: உள்ள வரலாமா? அட, ஆரம்பிச்சாச்சா? நம்ம மையத்துல எல்லாருக்கும் ஒரே பரபரப்பு சார்.

பேராசிரியர்: வாங்க மேடம். இவர் இந்த அறைக்குச் சாவி வெச்சிருக்கிறவர். அண்ணே, இவங்கதான் மையத்துத் தலைவி.

சாவிக்காரர்: வணக்கம். நீங்க படியிறங்கி வந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

மேடம்: வணக்கம். ஒரு ஆச்சரியம் கொண்டு வந்திருக்கேன். மாணவர்கள் எழுதின பதினோரு தாளுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டாச்சு. ஐயா, நீங்க இதை எல்லாம் சுவத்துல வரிசையா மாட்டிடுங்க. வர்றவங்க கண்ணுல முதல்ல இதுதான் படணும்.

சாவிக்காரர்: கொடுங்க பார்ப்போம். "இவர் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரிவதில்லை." ...அடுத்ததுலயும் நேரம் போறது தெரியலையே. இதுலயும்.

மேடம்: அதான் ஐயா அழகு. பதினோரு பேருக்கும் ஒரே மனசு. அறிக்கையில இதைத் தனியா எழுதப் போறேன். எல்லாத் துறைக்கும் அனுப்பணும்.

சாவிக்காரர்: எழுத்தும் மையும்கூட எல்லாம் ஒரே ஜாடையா இருக்கு மேடம். ஒரே வாத்தியார்கிட்ட படிக்கிறவங்களாச்சே.

மேடம்: ஒரு சின்ன சம்பிரதாயம். பெட்டி உங்க பொறுப்புதானே? மாணவர்களே எழுதிப் போட்டாங்க, பூட்டினபடியே எங்ககிட்ட வந்துச்சு. அப்படி எழுதிக்கலாமா?

சாவிக்காரர்: தாராளமா எழுதிக்கோங்க. பசங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா நின்னு எழுதிப் போட்டாங்க. நான் கண்ணால பார்த்தேன். பூட்டு என் கையில, பெட்டி என் தலையில. நேரா மேல.

பேராசிரியர்: அண்ணே, வேண்டாம்.

சாவிக்காரர்: நீங்க சும்மா இருங்க சார். உங்க முட்டியா தேஞ்சுது?

பேராசிரியர்: மேடம், அதை எழுதிக்காதீங்க. சட்டத்தைச் சுவத்துல மாட்டவும் வேண்டாம். வட்டத்துல ஆளுக்கு ஆள் கை மாத்திப் பார்க்கக் கொடுப்போம். இந்தப் பன்னிரண்டாவது தாளையும் சேர்த்து.

மேடம்: அது செல்லாததாச்சே.

பேராசிரியர்: பேர் போடாத தாளை எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் இன்னிக்குப் பாடம். எங்க இருந்து பார்த்தான், என்ன தெரியும், என்ன வேணும்... மூணே கேள்வி. பன்னிரண்டு தாளையும் வெச்சு முப்பது பேரும் கண்டுபிடிக்கட்டும்.

மேடம்: மாணவர்கள் எழுதினது. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?

சாவிக்காரர்: சார். நல்லா யோசிச்சுக்கோங்க. வகுப்பு போயிடும். என் சாவியும் சேர்ந்து போயிடும்.

பேராசிரியர்: யோசிச்சுட்டேன் அண்ணே. போறதுன்னா ஒரு வகுப்பாவது நடத்திட்டுப் போகட்டும். ஜன்னலை நல்லாத் திறந்து விடுங்க.

மேடம்: எனக்கு ஒண்ணுமே புரியல. ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க?

சாவிக்காரர்: சொல்றேன் மேடம். நான் இப்பச் சொன்னது அத்தனையும் பொய். இந்தப் பன்னிரண்டாவது நான் எழுதினது. பெட்டியை இவர் மேசையில வெச்ச அன்னிக்கு அதுக்குள்ள எழுதின தாள் இது ஒண்ணுதான். மத்த பதினொண்ணையும் பசங்க ஒரு எழுத்தும் எழுதாம வெத்தாப் போட்டிருந்தாங்க, அது எனக்கு அன்னிக்கே தெரியும். எந்தப் பேனாவுல நிரம்புச்சுன்னு நீங்க தேட வேண்டாம், இவர் சட்டைப் பையைப் பாருங்க... மாத்திக்கோங்கன்னு அப்பவே சொன்னேனே சார்.