எழுபத்தொன்றாவது படியில் சொல்ல வேண்டியது

தனி வண்டி அமர்த்திக்கொண்டு ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஏழு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும் என்றால் ஆறே முக்கால் வரை தூங்குவார்கள். அதனால் என் வண்டியில் எப்போதும் இரண்டு பொட்டலம் பிஸ்கட் இருக்கும். பசியோடு இருக்கிறவரிடம் எந்த ராஜாவைப் பற்றிப் பேசியும் பிரயோஜனமில்லை. பிஸ்கட் வைக்கச் சொன்னது என் தங்கைதான்.

ஐயா, நீங்கள் விபத்து என்று எழுதி மூடிய கோப்பு அது. அதைத் திறக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் உதவியாக இருக்கும். நான் மனப்பாடமாகச் சொல்லிப் பழகியவன். குறுக்கே யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள், ஒரு வண்டி, மூன்று இடம். காலையில் கோட்டை, பதினொன்றரைக்கு ராணியின் கல்லறை, சாப்பாட்டுக்குப் பிறகு காவல் கோபுரம். ஓட்டுவதும் நான், விளக்கம் சொல்வதும் நான். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் கொடி கட்டிப் பறந்தேன் என்றே சொல்லலாம். கல்லறையில் நான் பேசும்போது கண் கலங்காத ஆட்கள் குறைவு. ஊருக்குத் திரும்பிப் போய்க் கடிதம்கூட எழுதுவார்கள். அவர்களைக் கலங்க வைத்த ஒவ்வொரு வார்த்தையும் என் தங்கை எழுதியது.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். நாற்பத்தாறு வயதிலும் பாப்பாதான். அவளுக்குப் பதினாறு வயதாகும்போது அப்பா அம்மா இருவரும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அவளைவிட ஒன்பது வயது மூத்தவன் நான். வளர்த்தேன். அதற்காக எனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. இதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

நூலகத்திலிருந்து கட்டுக் கட்டாகப் புத்தகம் கொண்டுவந்து படித்து நோட்டில் எழுதித் தருவாள். நான் மாலையில் முன்னறையில் நின்று ஒப்பிப்பேன். அவள் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பாள். ஒரு வரி விட்டுப்போனால் போதும், சோப்பு நுரை சொட்டும் கையோடு ஓடி வந்து நிற்பாள். "அண்ணா, ஒரு வரி போச்சு" என்பாள். அந்த வரியைச் சொன்ன பிறகுதான் திரும்பிப் போவாள். ஒருமுறை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்போதும் வரிதான் முக்கியம் அவளுக்கு.

அந்த மூன்று இடங்களையும் அவள் பார்த்ததே இல்லை. நீங்கள் ஆச்சரியப்படுவது தெரிகிறது. வாடிக்கையாளர் இருக்கும் வண்டியில் வீட்டு ஆளை ஏற்ற முடியாது. வண்டி சும்மா இருக்கும் நாளில் எனக்கு உடம்பு அலுப்பு. அடுத்த சீசன் என்பேன். அவளும் சரி என்பாள். அப்படியே பத்தொன்பது சீசன் போய்விட்டது.

கோபுரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. எழுபத்தொன்றாவது படியில் இடது பக்கம் ஒரு திறப்பு இருக்கிறது. இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். அங்கிருந்து பார்த்தால் ஆறு இரண்டாகப் பிரிவது தெரியும். அந்தச் சுவரின் மேல் கல்லுக்குப் பிடிப்பு கிடையாது. கயிறு கட்டுவார்கள், படம் எடுக்க வருகிறவர்கள் அவிழ்த்துவிடுவார்கள். என் முதல் வருஷத்தில் ஒருவர் அதில் சாய்ந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், பிழைத்தார். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். பாப்பா நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதினாள். "இடது பக்கச் சுவரில் யாரும் சாய வேண்டாம், மேல் கல் ஆடுகிறது." கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு. "மத்ததெல்லாம் நீ எப்படி வேணா மாத்திக்கோண்ணா. இத மட்டும் விட்டுடாத" என்றாள்.

விட்டதில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறேன், தொண்டை கட்டியிருக்கிறது. அந்த வரியைச் சொல்லாமல் எழுபத்திரண்டாவது படியில் கால் வைத்ததில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு கண்ணாடிக் கடை. பாப்பா படிக்கிற கண்ணாடி மாற்றப் போனாள். கடைக்காரருக்கு ஐம்பது வயது, மனைவி போய் ஆறு வருஷம், பிள்ளை இல்லை. நல்ல மனிதர். ஒரே குறை, வாய் ஓயாது. கண் பரிசோதனைக்குப் போனால் எழுத்தைப் படிக்க விடமாட்டார், அவரே அதற்கு ஒரு கதை சொல்வார். பாப்பா ஒரே மாதத்தில் மூன்று முறை கண்ணாடி சரியில்லை என்று போனாள். எனக்குப் புரிந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று இருவருமாக வந்து சொன்னபோது நான் சந்தோஷம் என்றேன். நான் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு அண்ணனிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அந்த மூணு இடத்தையும் பாக்கணும்ணா" என்றாள்.

ஒரு நாள் முழுக்க வண்டியை அவர்களுக்கென்று ஒதுக்கினேன். வெளியாட்களை எப்படி அழைத்துப்போவேனோ அப்படியே. கதவைத் திறந்துவிட்டேன், பிஸ்கட் கொடுத்தேன். மாப்பிள்ளை சிரித்துச் சிரித்து அரைப் பொட்டலத்தைக் காலி செய்தார்.

கோட்டையில் பாப்பா அதிகம் பேசவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். முப்பது வருஷமாகக் கடைமேசையில் முழங்கை ஊன்றி நின்றவர் அல்லவா, மார்பளவில், இடுப்பளவில் எது கிடைத்தாலும் இரண்டு முழங்கையையும் வைத்துச் சாய்ந்துவிடுவார். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் சாய்ந்தார். கோட்டை மதிலில் சாய்ந்தார். தொழில் பழக்கத்தில் சும்மா கவனித்தேன். அப்போது வேறொன்றும் இல்லை.

கல்லறையில் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். நான்கு வரி போயிருக்கும். பாப்பா கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

"தப்பா எழுதிட்டேண்ணா. பெரிசுன்னு எழுதிட்டேன். இது ஒரு கட்டில் அளவுகூட இல்லையே."

பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். நோட்டில் இல்லாததை. பிரசவத்தில் இறந்தபோது அந்த ராணிக்குப் பத்தொன்பது வயதுதான் என்றும், கல் ஏன் இவ்வளவு சின்னது என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் மாப்பிள்ளைக்குத்தான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். ஒரு குடும்பம், ஒரு வயதான தம்பதி, இன்னும் சிலர். வளையம் போலச் சுற்றி நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டு கேட்டார். நான் வளையத்துக்கு வெளியே அவளுடைய பையை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

முடிந்ததும் ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு எங்களோட வருவீங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைக் காட்டி, "இவர் உங்க டிரைவரா?" என்றார்.

"எங்க அண்ணன். நான் பேசினதெல்லாம் இவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்" என்றாள் பாப்பா.

அது பொய். என் முகம் வாடக் கூடாது என்று சொன்ன பொய். அந்தப் பொய்க்கு நான் அவளுக்கு நன்றியோடு இருந்திருக்க வேண்டும்.

மரத்தடியில் சாப்பிட்டோம். ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு. மாப்பிள்ளையால் ரகசியத்தை அடக்க முடியவில்லை. பாப்பா வழிகாட்டி உரிமத்துக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாளாம். அடுத்த மாதம் அட்டை வந்துவிடுமாம்.

"அடுத்த சீசன்லேருந்து ரெண்டு வண்டி, மச்சான். ஒண்ணு உங்களுது, ஒண்ணு எங்களுது. கடைய என் தம்பி பாத்துக்குவான். நான் ஓட்டுறேன், இவ பேசட்டும். எனக்கும் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

"உனக்கு எழுதித் தர்றத நிறுத்தமாட்டேண்ணா" என்று பாப்பா அவசரமாகச் சொன்னாள்.

நல்லது என்றேன். ஆரஞ்சை உரித்து அவளுக்குப் பாதி கொடுத்தேன். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. வெயிலில் நாளெல்லாம் நிற்க முடியாது. இந்த மனிதர் இதையெல்லாம் யோசிக்காமல் அவளை இழுத்துவிடுகிறாரே என்று கவலைப்பட்டேன். நான் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவார்கள்?

கோபுரத்தில் நான் முன்னால், எனக்குப் பின்னால் மாப்பிள்ளை. முழங்கால் வலியால் பாப்பா பத்துப் படி பின்தங்கி வந்தாள். அவளுக்கும் கீழே யாரோ மூன்று பேர் பேசிக்கொண்டு ஏறி வந்தார்கள். படிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஏறுவது என் வழக்கம். அறுபத்தொன்பது. எழுபது. எழுபத்தொன்றில் நின்றேன். வாயைத் திறந்தேன். அந்த வரி நாக்கில்தான் இருந்தது. அதற்கு அடுத்த வரியைச் சொன்னேன்.

"இங்கேருந்து பாத்தா ஆறு ரெண்டா பிரியறது தெரியும், மாப்பிள்ளை."

அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். பேசிக்கொண்டே திறப்பின் பக்கம் திரும்பினார்.

கீழிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "அண்ணா, ஒரு வரி போச்சு." வீட்டில் சொல்வதைப் போலவே, பதற்றமில்லாமல். நான் மறந்துவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள் எப்படி அப்படி ஓடி வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் ஒரு முழங்கையைச் சுவரில் வைத்துவிட்டார். சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர் படியில் மல்லாந்து விழுந்தார். வந்த வேகம் நிற்காமல் அவளுடைய இரண்டு கையும் சுவரில் ஊன்றின. கல் பெயர்ந்தது, அவளும் அதோடு வெளியே சரிந்தாள். என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை, ஐயா. வரி எங்கே என்று கேட்கிற பார்வை.

பிறகு நான் அந்த வரியைச் சொன்னேன். வழக்கமான குரலில், ஒரு வார்த்தை பிசகாமல். "இடது பக்கச் சுவரில் யாரும் சாய வேண்டாம், மேல் கல் ஆடுகிறது." உங்கள் கோப்பில் மூன்று சாட்சிகள் வழிகாட்டி எச்சரித்ததைக் காதால் கேட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டார்கள். முன்னும் பின்னும்தான் மாறியிருக்கிறது.

மாப்பிள்ளைக்குத் தலையில் அடி. எது முதலில், எது பிறகு என்று அவருக்கு நினைவில்லை. "மச்சான் சொல்லியிருப்பார். அவர் சொல்லாம இருக்கவே மாட்டார். நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், காதுல விழல" என்று உங்களிடம் அழுதார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இது நடந்து ஏழு மாதம். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கடையில் எழுத்தைக் குச்சியால் காட்டுவார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து பாப்பாவின் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"நீங்க அந்த வரியச் சொன்னப்ப நான் என்ன பேசிக்கிட்டிருந்தேன், மச்சான்? அத மட்டும் சொல்லுங்க."

கல்யாணத்துக்கு முன்னால் கடையின் பெயர்ப்பலகைக்குப் பச்சை வர்ணம் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் அந்த வழியாகப் போனபோது பலகையையே கழற்றி வைத்திருந்தார். இரண்டு ஆணிதான் இருந்தன.

அதற்கும் நான் வரவில்லை, ஐயா. இன்று வந்ததற்குக் காரணம் வேறு. சீசன் ஆரம்பிக்கப் போகிறது. காலையில் முன்னறையில் நின்று ஒப்பித்துப் பார்த்தேன். கோட்டை சரியாக வந்தது. கல்லறை வந்தது. கோபுரத்தில் எழுபத்தொன்றாவது படிக்கு வந்தேன். வேண்டுமென்றே அந்த வரியை விட்டேன். விட்டுவிட்டுச் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாப்பிள்ளை விழட்டும் என்றுதான் அந்த வரியை விட்டேன் என்று ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாய்கிற மனிதர், என் தங்கையை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போகிறவர் என்று. விளங்கிய பிறகும் அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஆனால் நான் ஒரு வரியை விட்டால் பாப்பா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். கையில் என்ன வேலை இருந்தாலும், முன்னால் என்ன இருந்தாலும் பார்க்கமாட்டாள். இந்த உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்துதான் விட்டேன்.